நினைச்சா விடலாம்

இரண்டு வருடத்துக்கு முன் நவராத்திரி சமயத்தில் எங்கள் தாமான் கோயில் மண்டபத்தில் இளைஞர் பிரிவு ஒரு பட்டிமன்றம் நடத்தியது. தலைப்பு: ‘குடியால் கவலையா, கவலையால் குடியா?’ நான் ‘குடியால் கவலை’ அணியில் இரண்டாவது பேச்சாளர். இயந்திரப் பொறியியல் முதலாம் ஆண்டை முடித்துவிட்டு விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தேன். எல்லாம் தெரிந்த வயது!

அன்றைக்கு நான் பேசியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. “கவலை எல்லாருக்கும் இருக்கு. எல்லாருமா குடிக்கிறாங்க? எங்க அம்மாவுக்கு இல்லாத கவலையா? அவங்க டீதான் குடிக்கிறாங்க. குடிக்கிறவன் கவலைய ஒரு சாக்கா சொல்றான். நினைச்சா விடலாம். நினைக்க மாட்டேங்கிறான், அவ்வளவுதான்.” நல்ல கைதட்டல். நடுவர் ஐயா தீர்ப்பையும் எங்கள் பக்கமே கொடுத்தார். ஆளுக்கு ஒரு ஹேம்பர். மைலோ, பிஸ்கட், ஒரு பாட்டில் ரோஸ் சிரப்.

மண்டபத்தின் கடைசி வரிசையில், செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், என் மாமா உட்கார்ந்திருந்தார். நான் கவனிக்கவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பல வருடம் மெயின்டனன்ஸ் டெக்னீஷியனாக இருந்தவர். எனக்கு ஆறு வயதில், ஓடாத மேசைக் காற்றாடி ஒன்றைத் தரையில் பிரித்துப் போட்டு, “இதுதான் கெப்பாசிட்டர். இது செத்துப்போச்சுன்னா காத்தாடி உறுமும், ஆனா சுத்தாது. கையால ஒரு தள்ளு தள்ளிவிட்டா சுத்தும்” என்று காட்டியவர். நான் பொறியியல் படிக்கப் போனதற்குக் காரணம் எஸ்பிஎம் ரிசல்ட் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையான காரணம் அந்தக் காற்றாடிதான்.

அவர் குடிப்பார். முதலில் சனி ஞாயிறு பீர். 2020-இல் வேலை போன பிறகு சம்சு. சம்சு தெரியாதவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். சின்ன பாட்டில், பெரிய போதை, பீரைவிட மலிவு.

இவர் விஷயத்தில் எங்கள் குடும்பமே ஒரு பட்டிமன்றம்தான். அம்மா கட்சி சொல்வது: “என் தம்பி தங்கமா இருந்தான். இந்தக் கருமம் வாயில பட்ட பிறகுதான் இப்படி ஆயிட்டான்.” அத்தை கட்சி சொல்வது வேறு. தாத்தா இறந்த வருடத்திலிருந்தே மாமா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஹாலில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பாராம். பிள்ளை மாதிரி வளர்த்த மெர்போக் பறவைக்குத் தீனி வைக்க மறந்துவிடுவாராம். பறவை செத்தபோது ஒன்றுமே சொல்லவில்லையாம். அப்போது அவர் இவ்வளவு குடிக்கவில்லை. “அது அப்பவே ஆரம்பிச்சிருச்சு. உங்க கண்ணுக்குத்தான் பாட்டில் வந்த பிறகு தெரிஞ்சிச்சு” என்பார் அத்தை.

பட்டிமன்றம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது மாமா வாசலில் நின்றார். “நல்லா பேசுனடா.” சிரித்தார். எனக்கு இன்னும் கைதட்டல் இறங்கவில்லை. “பேச்சுக்காகச் சொல்லல மாமா. நீங்களும் நினைச்சா விடலாம்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, மெஷின் ரிப்பேர் பற்றிச் சொல்கிற அதே குரலில், “நினைக்கிற இடத்துலதான்டா கோளாறு” என்றார். அதற்கு நான் ஏதோ சமாதானம் சொன்னேன். “சரி, தீபாவளிக்குள்ள பார்ப்போம்” என்று கிளம்பிப் போனார்.

நிஜமாகவே விட்டார். ஒரு ஞாயிறு இரவோடு பாட்டிலை நிறுத்தினார். திங்கள்கிழமை முழுக்க கை நடுங்கியது. சட்டை நனைகிற அளவுக்கு வேர்வை. சோறு இறங்கவில்லை. அத்தை போன் செய்தபோது அம்மா சந்தோஷப்பட்டார்: “விஷம் வெளியாகுது, நல்லதுதான்.” நானும் அப்படித்தான் நினைத்தேன். ‘தைரியமா இருங்க மாமா’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வேல் படம் அனுப்பினேன். செவ்வாய் விடியற்காலை குளியலறை வாசலில் வலிப்பு வந்து விழுந்தார். நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். ஆம்புலன்ஸ் வந்தது. வார்டில் மூன்றாம் நாள் சுவரில் எறும்பு வரிசை போகிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார். சுவர் வெறும் சுவர்.

அங்கே இருந்த இளம் டாக்டர் ஒருவர் என்னிடம் தனியாகச் சொன்னது: “நிறுத்தச் சொன்னது சரி. நிறுத்துன விதம்தான் ஆபத்து. இத்தனை வருஷம் தினமும் குடிச்சவர் ஒரே நாள்ல நிறுத்தினா உயிரே போகலாம். முதல்ல இங்க கூட்டிட்டு வந்திருக்கணும்.”

ஹேம்பரில் இருந்த ரோஸ் சிரப் அப்போதும் எங்கள் வீட்டு பீரோ மேல் இருந்தது.

அதற்குப் பிறகுதான் நான் இதைப் படிக்க ஆரம்பித்தேன். பொறியியல் மாணவன் என்பதால் எனக்குப் புரிந்த மொழியில் சொல்கிறேன். மூளையில் வேகத்தைக் கூட்டுகிற ரசாயனம் ஒன்று, குறைக்கிற ரசாயனம் ஒன்று. கூட்டுவது குளுட்டமேட், குறைப்பது காபா. மது காபாவோடு கூட்டுச் சேர்ந்து குளுட்டமேட்டை அடக்குகிறது. வெளி ஆள் ஒருவர் நம் காரின் பிரேக்கில் கால் வைத்த மாதிரி. வருடக்கணக்கில் தினமும் அந்தக் கால் அங்கேயே இருந்தால் மூளை என்ன செய்யும்? வண்டி ஓடியாக வேண்டுமே. தன் சொந்த பிரேக்கைத் தளர்த்திக்கொண்டு எண்ணெயை அமுக்குகிறது. இப்போது அந்த மனிதர் குடித்தால்தான் சாதாரணமாக இருப்பார். திடீரென்று வெளிக் காலை எடுத்துவிட்டால் வண்டி பாய்கிறது. நடுக்கம், வேர்வை, படபடப்பு, வலிப்பு எல்லாம் அந்தப் பாய்ச்சல்தான். மாமாவுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து அந்தக் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதற்கு. கூடவே வைட்டமின் பி1. நெடுநாள் குடிப்பவர்கள் உடம்பில் அது வற்றிப்போய், மூளையையே கெடுத்துவிடும்.

சரி, இது நடுக்கத்தின் கதை. சோகத்தின் கதை என்ன?

கோயில் மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டு போனால் ‘கூ’ என்று கத்துமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். மைக் எடுத்த சத்தத்தை ஸ்பீக்கர் பெரிதாக்குகிறது. அந்தப் பெரிய சத்தத்தை மறுபடியும் மைக் எடுக்கிறது. சுற்றிச் சுற்றி ஏறுகிறது. இப்போது ஒரு பட்டிமன்றம் வையுங்கள்: கத்தியது மைக்கா, ஸ்பீக்கரா? எங்கள் கன்ட்ரோல் பாடத்தில் இதைத்தான் நேர்மறைப் பின்னூட்டம் என்கிறோம். மனச்சோர்வும் குடியும் அப்படி ஒரு சுற்று. மனம் ஒடிந்து கிடப்பவருக்கு ஒரு கிளாஸ் உள்ளே போனால் ஒரு மணி நேரம் உலகம் தாங்கக்கூடியதாக ஆகிறது. எட்வர்ட் கான்சியன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1985-இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றித்தான்: போதையைத் தேடுபவர்கள் பலர் தங்களுக்குத் தாங்களே வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்கள் என்றார். ஆனால் அந்த வைத்தியத்துக்கு வட்டி அதிகம். மறுநாள் காலை முந்தின நாளைவிட இருட்டாக விடிகிறது. தூக்கம் கெடுகிறது, வேலை கெடுகிறது, வீட்டில் சண்டை, வெட்கம். அந்த இருட்டைப் போக்க இன்னொரு கிளாஸ்.

அதோடு இன்னொன்றும் நடக்கிறது. ஏர்கோனில் 24 வைத்தால் அறை அதைச் சுற்றியே இருக்கும். நாளாக ஆக, குடிப்பவரின் மூளையில் அந்த எண்ணே கீழே இறங்கிவிடுகிறது. மகள் சிரிப்பது, சூடான தோசை, மழை நின்ற பிறகு வரும் மண்வாசனை என்று நமக்குச் சும்மா கிடைக்கிற சந்தோஷங்கள் அவருக்கு எட்டுவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இதுவும் மனச்சோர்வு மாதிரியே இருக்கும். அதனால்தான் டாக்டர்களுக்கே உடனடியாகப் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

அவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? காத்திருக்கிறார்கள். 1988-இல் பிரவுன், ஷக்கிட் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் குடிக்காக ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்ற 191 ஆண்களைக் கவனித்து எழுதினார்கள். வந்து சேர்ந்தபோது 42 விழுக்காட்டினருக்குக் கடுமையான மனச்சோர்வு. நான்கு வாரம் குடிக்காமல் இருந்த பிறகு அது 6 விழுக்காடு. படித்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம் வந்ததை மறைக்க விரும்பவில்லை. பார்த்தீர்களா, குடியால்தானே கவலை, என் அணி ஜெயித்தது சரிதானே!

மாமா நான்கு வாரம் முழுசாகக் குடிக்காமல் இருந்தார். கார்த்திகை விளக்கு ஏற்றுகிற சமயம். நடுக்கம் போய்விட்டது, சாப்பிடுகிறார், கண்ணில் மஞ்சள் இல்லை. ஆனால் மூன்று மணிக்கு எழுந்து இருட்டில் உட்காருவது மட்டும் நிற்கவில்லை. அத்தை சொன்னது அப்படியே இருந்தது. தாத்தா இறந்த வருடத்தில் தொடங்கிய அந்த மனிதர், பாட்டில் எல்லாம் அகற்றிய பிறகு, அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த ஆறு விழுக்காட்டில் எங்கள் வீட்டு ஆள் ஒருவர். எந்த ஆராய்ச்சியும் நம் முன்னால் இருப்பவர் எந்தப் பக்கம் என்று சொல்லாது. கூடவே நான்கு வாரம் இருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

இங்கே என் மைக் உதாரணத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். மைக்கை நகர்த்தினாலும் சரி, ஸ்பீக்கரைக் குறைத்தாலும் சரி, கத்தல் நின்றுவிடும். ஒரு இடத்தில் அறுத்தால் போதும். மனிதரில் அப்படி இல்லை. குடியை மட்டும் நிறுத்தி சோர்வை அப்படியே விட்டால், அந்தச் சோர்வே அவரை மறுபடியும் கடைக்கு இழுத்துப்போகும். சோர்வுக்கு மட்டும் மாத்திரை கொடுத்து குடியை விட்டால், மாத்திரை ஒரு பக்கம் தூக்க, குடி மறுபக்கம் இழுக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில், முடிந்தால் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றுதான் இப்போது சொல்கிறார்கள்.

அப்படியென்றால் நாம் ஏன் ‘எது முதல்’ என்று இவ்வளவு ஆர்வமாகக் கேட்கிறோம்? யோசித்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த பதில் அவ்வளவு அழகானதில்லை. நாம் கேட்பது வைத்தியம் பார்ப்பதற்காக அல்ல, தீர்ப்புச் சொல்வதற்காக. கவலைதான் முதல் என்றால் பாவம், இரக்கப்படலாம். குடிதான் முதல் என்றால் கொழுப்பு, திட்டலாம், கதவைச் சாத்தலாம். நம் இரக்கத்துக்கு அவர் தகுதியானவரா என்று சரிபார்க்க ஒரு தேதி வேண்டியிருக்கிறது. அதனால்தான் அந்தத் தலைப்புக்கு அவ்வளவு கூட்டம் வந்தது.

நம் முன்னோர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள் என்று நினைக்கிறேன். தோட்டத்தில் துரைமார் காலத்தில் பள்ளிக்கூடம் சரியாக இருக்காது, மருந்தகம் சரியாக இருக்காது, ஆனால் கள்ளுக்கடை இருக்கும். பகலெல்லாம் பால்மரம் வெட்டி, மண்டோரிடம் திட்டு வாங்கி, சாயங்காலம் கள்ளு. கஷ்டத்தால் கள்ளா, கள்ளால் கஷ்டமா? 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சம்பளம் கூட்ட வேண்டும், பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும், மருத்துவ வசதி வேண்டும், துரையின் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக உரிமை வேண்டும். அதே பட்டியலில்: கள்ளுக்கடையை மூட வேண்டும். எது முதல் என்று அவர்கள் பட்டிமன்றம் வைக்கவில்லை. சைக்கிளில் உட்கார்ந்தே போகிற மானமும் கள்ளுக்கடை இல்லாத சாயங்காலமும் ஒன்றோடொன்று கட்டியவை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 1947-இல் எங்கள் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தார்கள். ஏறக்குறைய என் வயசுப் பையன்கள். எனக்கு ஹேம்பர் கிடைத்தது. அவர்களுக்குக் கிடைத்தது போலீஸ் அடி.

இதையெல்லாம் ஒரு விடுமுறையில் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கையைத் துடைத்துவிட்டு ஒன்று சொன்னார். “நோய்னு சொல்லு தம்பி, ஒத்துக்கிறேன். ஆனா என் சங்கிலிய அடகுக் கடையில வச்சது நோய் இல்ல. உன் மாமாதான் நடந்து போயி வச்சாரு. பிள்ளையோட புத்தகக் காசு எடுத்ததும் அவர்தான். அதையும் சேர்த்து எழுது.”

எழுதிவிட்டேன், அத்தை.

இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நோய் என்று சொன்னால் பொறுப்பு போய்விடுமா? போகக் கூடாது என்றுதான் படுகிறது. மாமாவே அதைக் கேட்க மாட்டார். “நான் செய்யல, நோய் செஞ்சிச்சுன்னு சொன்னா நான் ஆளே இல்லேன்னு ஆயிடும்டா” என்று ஒருநாள் சொன்னார். சங்கிலிக்கு அவர் பொறுப்பு. அதை மீட்டுக் கொடுக்க இப்போது ஒரு பட்டறையில் பகுதிநேரம் வேலை செய்கிறார். ஆனால் பொறுப்பு என்ற ஒரே சொல்லில் நாம் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறோம். ‘யார் செய்தது’ என்பது ஒன்று. ‘இனி யார் தூக்குவது’ என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் மாமா. இரண்டாவதற்கும் பதில் மாமா மட்டும்தான் என்று நாம் முடிவு செய்தால், உடைந்த கையிடமே ‘உன்னை நீயே தூக்கிக் கட்டுப் போட்டுக்கொள்’ என்று சொல்வதாகிறது. ‘நினைச்சா விடலாம்’ என்பதில் இருக்கிற பிழை அதுதான். நினைப்பதற்கு ஒரு மனம் முழுசாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பேசுகிறது. சோர்வு வந்தால் முதலில் போவதே நாளை என்ற ஒன்றை நினைக்கிற சக்தி. குடி அதற்கு மேல் ஏறி, மிச்சம் இருக்கிற நினைப்பையும் அடுத்த பாட்டில் எங்கே என்பதற்கு வேலைக்கு வைத்துக்கொள்கிறது. கோளாறு எந்த இடத்தில் என்று மாமா ஒரே வரியில் சொன்னதை நான் புரிந்துகொள்ள இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

கீதை வகுப்புக்குப் போகிறவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். முதல் அத்தியாயத்தின் பெயரே அர்ச்சுன விஷாத யோகம். விஷாதம் என்றால் மனம் ஒடிந்து போவது. வில் கையிலிருந்து நழுவுகிறது, உடம்பு நடுங்குகிறது, நிற்க முடியவில்லை. அர்ச்சுனனுக்கு வந்தது டாக்டர் சொல்கிற மனச்சோர்வு என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குப் பிடிபட்டது வேறு. இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் கண்ணன் அவனைக் கடிந்துகொள்கிறார், இந்தத் தளர்ச்சி உனக்குத் தகாது, எழுந்திரு என்கிறார். நம் பாஷையில், நினைச்சா எழுந்திரிக்கலாம். சொல்வது யார்? சாட்சாத் பகவான். கேட்பது யார்? வில்லாளிகளில் முதல்வன். ஆனாலும் அது வேலை செய்யவில்லை! போரிட மாட்டேன் என்று சொல்லிவிட்டு அர்ச்சுனன் பேசாமல் உட்கார்ந்துவிடுகிறான். அதற்குப் பிறகுதான் அந்த நீண்ட உரையாடல், பதினெட்டாம் அத்தியாயம் வரைக்கும். அவன் கேட்கிறான், இவர் சொல்கிறார், மறுபடியும் கேட்கிறான். மூன்றாம் அத்தியாயத்தில், விருப்பம் இல்லாதபோதும் யாரோ பிடித்துத் தள்ளுவதுபோல் மனிதன் ஏன் தவறு செய்கிறான் என்றுகூடக் கேட்கிறான். மாமாவைக் கேட்டால் இதே கேள்வியைத்தான் கேட்பார். அத்தனை நேரமும் கண்ணன் தேரை விட்டு இறங்கவில்லை. நான் வாசலில் நின்று ஒரு வரி சொல்லிவிட்டு வேல் படம் அனுப்பிய ஆள்.

இன்னொரு விஷயம். மனநல கிளினிக்கில் முதல் நாள் டாக்டர் மாமாவிடம் நேராகக் கேட்டார், சாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படியா கேட்பது? மாமா தலையை ஆட்டினார். ஆமாம் என்று. வெளியே வந்த பிறகு அவர் முகத்தில் ஏதோ இறங்கி வைத்த மாதிரி ஒரு தளர்வு. கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று நாம் பயப்படுகிறோம். அது ஏற்கெனவே அங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறது. குடியும் மனச்சோர்வும் சேர்ந்த இடத்தில் அந்த ஆபத்து இன்னும் கூடும், ஏனென்றால் குடி பயத்தைக் கழற்றிவிடும். நம் நாட்டில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த 309-வது பிரிவை நீக்க 2023-இல்தான் நாடாளுமன்றம் வாக்களித்தது. அதுவரை ‘ஆமாம்’ என்று சொல்ல நினைத்தவர் டாக்டருக்கு மட்டுமா பயந்திருப்பார், போலீசுக்கும்தானே. இதைப் படிக்கிற உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இப்படி இருந்தால், பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. வலிப்பு, குழப்பம் மாதிரி ஏதாவது என்றால் யோசிக்காமல் 999.

கிளினிக் கார்டில் மலாயில் ‘கெமுருங்கான்’ என்று எழுதியிருந்தது. அம்மா அர்த்தம் கேட்டார். மன அழுத்தம் என்றேன். “அது எனக்கும்தான் இருக்கு, மாசக் கடைசியில” என்றார். மனச்சோர்வு என்றேன். “சோர்வுன்னா ஹார்லிக்ஸ் குடிக்கச் சொல்லு.” கவலை என்று சொல்லிப் பார்த்தேன். “கவலைக்கு மாத்திரையா?” தமிழில் சொல் இல்லாமல் இல்லை. நாம் வீட்டுக்குள் அதைப் பழக்கவில்லை. ஆனால் குடிகாரன் என்ற சொல்லைச் சின்னப் பிள்ளைகூட சொல்லும். இரண்டு நோயில் ஒன்றுக்குத்தான் வீட்டில் பெயர் இருக்கிறது, அதுவும் வசவாக. பிறகு ‘அவன் எப்படி இருக்கான்’ என்று கேட்டால் அந்த ஒரு பெயரைத்தானே சொல்ல முடியும்?

கடைசியில் அம்மாவுக்கு நான் சொல்லிப் புரியவைத்தது அந்தக் காற்றாடியை வைத்துத்தான். கெப்பாசிட்டர் போன காற்றாடி உறுமும், சுற்றாது. கரண்ட் இல்லாமல் இல்லை, மோட்டாரும் எரியவில்லை. தொடங்கிவைக்க ஒரு தள்ளு வேண்டும். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப தினமுமா தள்ளணும்?” என்றார். கெப்பாசிட்டர் மாற்றும் வரைக்கும் தினமும்தான்.

மாமா இப்போது முழுசாகக் குணமாகிவிட்டார் என்று எழுத ஆசைதான். இந்த இரண்டு வருடத்தில் இரண்டு தடவை வழுக்கினார். முதல் தடவை அம்மா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. இரண்டாவது தடவை, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அம்மாவே கிராப் பிடித்துக் கூட்டிப்போனார். மாத்திரை தொடர்கிறது. சில நாட்கள் மூன்று மணிக்கு இன்னும் எழுந்துவிடுகிறார். அந்த நேரத்தில் நானும் விடுதியில் அசைன்மென்டோடு விழித்திருப்பேன் என்று அவருக்குத் தெரியும். போன் வரும். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். பேரிங் பற்றிக் கேட்பார், பம்ப் பற்றிக் கேட்பார். ஒருநாள் நான் தூங்கிவிட்டேன், எடுக்கவில்லை. காலையில் பார்த்தால் மூன்று மிஸ்கால். கூப்பிட்டேன். “ஒண்ணுமில்லடா, சும்மாதான்” என்றார். அந்தச் சும்மாவை நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை.

போன விடுமுறையில் அப்பாயின்ட்மென்டுக்கு நான் கூட்டிப்போனேன். கிளினிக்கில் நல்ல கூட்டம். நம்பர் எடுத்துவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். மேலே காற்றாடி லேசாக ஆடிக்கொண்டே சுற்றியது. மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த வருஷமும் பட்டிமன்றம் இருக்கா?”

“இருக்கு மாமா.”

“நீ எந்தப் பக்கம்?”

“இன்னும் தலைப்பு கொடுக்கல.”

“கொடுத்தா சொல்லு. முன்னாடி வரிசையில உட்கார்றேன்” என்றார். அதற்குள் எங்கள் நம்பர் வந்துவிட்டது.